விசாரணைக்கு ஒரு பெயர்

முப்பத்து நாலு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் ஆரணி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள்கூட என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். ஏதோ செய்திருப்பாள், அனுப்பியிருப்பார்கள் என்று அவர்கள் நினைப்பது முகத்திலேயே தெரியும். யாரும் அனுப்பவில்லை. நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது கௌசல்யா என்ற பெண் உட்கார்ந்திருக்கிறாள். போன மாதம் போன் செய்தாள். "அக்கா, ஈமெயில் இல்லாத காலத்துல எப்படிக்கா அத்தன வெளிநாட்டுக்காரங்கள வரவழைச்சீங்க? ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்க. துறை மலர்ல போட்டுடறோம்" என்றாள். அவள் என்னிடம் இன்னொரு கேள்வியும் கேட்டு வருடம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. அதற்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மலரில் போடுவார்களா என்பது சந்தேகம்தான்.

எங்கள் வீடு சேவூரில் இருக்கிறது. நைனா பட்டுத் தறிக்காரர். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான்தான். அதற்கு மேல் இயற்பியலில் பட்டம், தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்ரைட்டிங் ஹையர். ஆரணியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த பல்கலைக்கழகத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தேன். பெருமை பிடித்தவள் என்று என்னைச் சொல்வார்கள். ஆமாம், பெருமைதான். அடக்கமாக இரு என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் எல்லாரும் மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டுக்காரர்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் துறைக்கு ஓர் அணுக்கரு இயற்பியல் பன்னாட்டு மாநாடு நடத்தும் வாய்ப்பு வந்தது. ராஜஸ்தான் பாலைவனத்தில் குண்டுச் சோதனை நடந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாநாட்டுக் கன்வீனர் தர்மராஜன் சார் என்னைக் கூப்பிட்டு, "கடிதப் போக்குவரத்து முழுக்க உன் பொறுப்பு. மாநாடு நல்லபடியா முடிஞ்சா உன் வேலைய நிரந்தரமாக்கிடலாம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அடுத்த மாதங்கள் முழுக்க ஓடினேன். எங்கள் தெருவில் அதுவரை யாருக்கும் நிரந்தரம் என்ற சொல் கிடைத்ததில்லை. தறிக்காரனுக்குத் தறியில் ஏற்றிய பாவு நூல் நெய்து முடிந்தால், அடுத்த பாவு வந்தால்தான் வேலை உண்டு.

தர்மராஜன் சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் கத்த மாட்டார், திட்ட மாட்டார். ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்பார். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால், பேசிவைத்துக்கொண்டார்கள் என்று நினைப்பார். வேறாக இருந்தால், ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைப்பார். யாராவது அறைக்குள் வந்தால் மேஜைமேல் இருக்கும் தாள்களை ஒவ்வொன்றாகக் குப்புறத் திருப்பிவைப்பார். அது வெறும் கேன்டீன் ரசீதாக இருந்தாலும் அப்படித்தான். நாம் எதைச் சொன்னாலும் "அப்படியா" என்பார். அந்த "அப்படியா"வின் கடைசியில் வரும் ஆகாரம் எவ்வளவு நீளுகிறதோ, நம்மேல் அவ்வளவு நம்பிக்கையில்லை என்று அர்த்தம்.

கார்பன் தாள் விஷயத்தில் அவர் இன்னும் கறார். கம்ப்யூட்டர் ஒன்று வந்திருந்தாலும் வெளியே போகும் கடிதங்களை டைப்ரைட்டரில்தான் அடிக்கச் சொல்வார். சாயங்காலம் நான் கிளம்பும்போது அன்றைக்குப் பயன்படுத்திய கார்பன்களை அவரிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எழுத்து படிக்கும்படி இருந்தால் கிழித்துப்போடுவார். பலமுறை அடித்து ஒன்றுமே தெரியாமல் போனதைத் தனியே வைப்பார்.

ஒருநாள் அந்தத் தனிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்: "சார், இத வீசத்தான் போறீங்கன்னா நான் எடுத்துக்கட்டுமா? எங்க நைனாவுக்கு வேணும்."

"உங்கப்பாவுக்கு எதுக்கும்மா கார்பன்?"

"சேலை டிசைனக் கட்டம்போட்ட தாள்ல பதிக்கறதுக்கு சார். புதுசு வாங்கினா கட்டாது."

"அப்படியா" என்றார். அந்த ஆகாரம் மிக நீளம். ஆனாலும் கட்டை என் பக்கம் தள்ளினார். நான் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு வந்தேன்.

இனி நடைமுறை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து எங்கள் மேடையில் பேச வேண்டுமென்றால் அவருடைய பாஸ்போர்ட் நகல், பேசப்போகும் கட்டுரையின் சுருக்கம், எங்கே தங்குவார், யார் அழைத்து வருவார், யார் கொண்டுபோய் விடுவார் என்று எல்லாவற்றையும் எழுதி டில்லிக்கு அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். அங்கிருந்து கேள்வி வரும். அதை அந்த விஞ்ஞானிக்கு அனுப்பி, அவர் பதிலை வாங்கி, மறுபடி டில்லிக்கு அனுப்ப வேண்டும். டில்லிக்கு அவர்மேல் சந்தேகம். இந்த நாட்டுக்காரர்கள் எதற்கு இத்தனை கேட்கிறார்கள் என்று அவருக்கு எங்கள்மேல் சந்தேகம். ஓர் அமர்வின் தலைப்பில் குண்டை நினைவூட்டும் "பிளவு" என்ற சொல் இருந்தது. தர்மராஜன் சார் அதை அடித்துவிட்டுக் "கனமான அணுக்கருக்களின் நடத்தை" என்று மாற்றினார். "நடத்தைன்னு போட்டா யாருக்கும் பயம் வராதும்மா" என்றார். எனக்கு அந்தச் சொல்தான் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருந்தது. அப்படியே அடித்துக் கொடுத்தேன்.

அந்த மழைக்காலத்தில் பல்கலைக்கழகத்து ஃபேக்ஸ் லைன் செத்துப்போனது. சரிசெய்ய வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. டில்லியின் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் ஆரணி பஜாரில் அன்வர் பாயின் எஸ்.டி.டி. கடை ஃபேக்ஸ் எண்ணை எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். காலையில் பஸ் ஏறுவதற்கு முன் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்றேன். சார் இரண்டு நாள் யோசித்துச் சம்மதித்தார்.

பாயின் கடைக்குப் பாதி வாடிக்கை பட்டு ஜவுளிக்காரர்கள்தான். பெங்களூரிலிருந்து நூல் விலை வரும், சூரத்திலிருந்து ஜரிகை விலை வரும். மிஷின் கக்கும் வழவழப்பான தாளைப் பாய் கத்தரிக்கோலால் வெட்டி, துணி காயவைக்கிற கிளிப்பில் மாட்டிக் கொடியில் தொங்கவிடுவார். அதில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும் என்பதால் நான் உடனே ஜெராக்ஸ் எடுத்துவிடுவேன்.

ஒருநாள் காலை நான் போனபோது எங்கள் தாள் கொடியில் இல்லை. தணிகாசலம் கையில் இருந்தது. அவர் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் மானேஜர். தன் ஃபேக்ஸ் வரும்வரை ஊரார் ஃபேக்ஸ்களைப் படித்துக்கொண்டிருப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

"தணிகாசலம், அது வளரோடதுய்யா, குடு. இதே பேஜாராப் பூட்ச்சு ஒன்னோட" என்றார் பாய். என் பெயர் வளர்மதி.

தணிகாசலம் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தபடியே, "இன்னாம்மா, கோல்டுன்னு போட்டுக்குது?" என்றார்.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து எலேனா என்ற விஞ்ஞானி அனுப்பியது அது. அவர்தான் எங்கள் முதல்நாள் பேச்சாளர். தன் ஆய்வுக்கூடத்தில் பீம் நேரம் தள்ளிப்போய்விட்டது, அது முடிந்ததும் கிளம்புவேன், நீங்கள் கேட்ட தங்க டார்கெட்டைக் கையோடு கொண்டுவருகிறேன், தபாலை நம்பவில்லை என்று எழுதியிருந்தார். டார்கெட் என்பது ஊதினால் பறந்துவிடும் அளவு மெல்லிய தகடு. அதன்மேல் அணுத்துகள்களைப் பாய்ச்சி, அவை எப்படிச் சிதறுகின்றன என்று பார்ப்பார்கள். பாயும் துகள்களின் கற்றைதான் பீம்.

"அது ஒரு தகடுங்க. பரிசோதனைக்கு" என்றேன்.

"தங்கத் தகடா? சரி, பீம்னும் போட்டுக்குதே?"

எங்கள் ஊரில் கைத்தறிக்காரர் பாவு என்பார். பீம் என்பது விசைத்தறிக்காரரின் சொல். பாவு நூலைச் சுற்றிவைக்கும் பெரிய உருளைக்கு அந்தப் பெயர். பட்டுச் சேலையைக் கையால்தான் நெய்யலாம், விசைத்தறியில் போடுவது குற்றம். அப்படி யாராவது திருட்டுத்தனமாகப் போடுகிறார்களா என்று ஊரே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. இதெல்லாம் தெரிந்தவள் நான், ஜாக்கிரதையாகத்தான் பதில் சொன்னேன்.

"அது தறி பீம் இல்லீங்க. கதிரு. தமிழ்ல கதிர்னு சொல்லுவாங்க."

அவர் கண் விரிந்தது. "கதிரும் வருதா?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. ராட்டையில் நூல் சுற்றுகிற இரும்புக்கம்பிக்கும் கதிர் என்றுதான் பெயர். பாய் சிரித்துவிட்டார். தணிகாசலம் சிரிக்கவில்லை.

அந்த வாரமே சேவூரில் பேச்சு கிளம்பிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வளர்மதி தங்கம் இறக்குகிறாள், பீம் இறக்குகிறாள், கதிர் இறக்குகிறாள், ராத்திரியில் விசைத்தறி ஓடப்போகிறது என்றார்கள். வாரக் கடைசியில் ஒரு ஜீப் எங்கள் வாசலில் நின்றது. கைத்தறி அதிகாரிகள் இரண்டு பேர் இறங்கினார்கள்.

நைனா தறிக் குழியில் உட்கார்ந்திருந்தார். "பவர்லூம் எங்கய்யா வச்சிருக்க?" என்று கேட்டார் ஒருவர்.

"இதோ கீதுங்களே. ரெண்டு பவரு. ஒண்ணு இந்தக் காலு, ஒண்ணு அந்தக் காலு" என்று மிதியைக் காட்டினார் நைனா.

"தங்கம் வருதுன்னு சொல்றாங்களே?"

"வந்தா மொதல்ல எனக்குச் சொல்லுங்க சாரு" என்றாள் உள்ளேயிருந்து அம்மா. "காது மூளியா கீது எத்தினி வருசமா."

அதிகாரிகள் கொல்லைப்புறம்வரை போய்ப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு கிளம்பினார்கள். தெரு முழுக்கச் சிரித்தது. அத்தோடு போயிற்று என்று நினைத்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து மஃப்டியில் ஒருவர் வந்தார். ஏகாம்பரம், போலீஸ் தனிப்பிரிவு ஏட்டு என்று சொல்லிக்கொண்டார். இதுவும் தணிகாசலம் கிளப்பிய புகைதான் என்று நினைத்து, அன்வர் பாய் கடையிலிருந்து எல்லாவற்றையும் சொல்லத் தயாரானேன். அவர் தங்கத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. பீம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்து டீ குடித்தார்.

"இன்னா பேப்பர் வாங்கறீங்க வீட்ல?"

"வாங்கறதில்லீங்க. ஆபீஸ்ல படிப்பேன்."

"வெளிநாட்லருந்து யாரனா ஒம்பேருக்குக் கடுதாசி போடறாங்களா?"

"இல்லீங்க."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நேற்றைய மழையைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார்: "ஆபீஸ்ல அடிச்ச கார்பனு, வூட்டுக்கு எட்துகினு வர்றியாமே?"

 கார்பன் விஷயம் தணிகாசலத்துக்குத் தெரியாது, பாய்க்குத் தெரியாது, தெருவுக்கும் தெரியாது. உலகத்திலேயே அதைப் பற்றிக் கவலைப்பட்டவர் ஒரே ஒருவர்தான்.

நைனா எழுந்து போய், மாங்காய்ப் புட்டா டிசைன் பதித்த கட்டத் தாள்களையும் கார்பன்களையும் கொண்டுவந்து ஏட்டு மடியில் போட்டார். "நல்லாப் பாருங்க. எழுத்து எதனா கீதா? மாங்காதான் கீது" என்றார். ஏட்டு பார்த்தார். அழகாயிருக்கு என்றார். போய்விட்டார்.

மறுநாள் துறைக்குப் போனபோது என் டைப்ரைட்டர் வேறு மேஜைக்கு மாறியிருந்தது. "இனி நீ மாநாட்டுப் பை, பேட்ஜ், சாப்பாடு மட்டும் பாரு" என்றார் தர்மராஜன் சார். என் நிரந்தரம் அந்த மேஜையோடு நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பையிலிருந்து ஒரு கார்பனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நைனா ஊசி முனையால் அழுத்தி வரைந்த மாங்காய் அதில் பளிச்சென்று இருந்தது.

அவர் வழக்கப்படி அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "அப்படியா" என்றார். இந்த முறை குறிலாகவே வந்தது.

"சார், ஏட்டுகிட்ட கார்பன் விஷயத்த நீங்கதான சொன்னீங்க?"

அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

"வெளிநாட்டுத் தபால் பார்க்கிறவங்க ஒருத்தரோட பேர் குடுங்க, விசாரிக்கணும்னு கேட்டாங்க. துறையில மத்தவங்க எல்லாரும் நிரந்தரம். விசாரணைன்னு வந்தா அவங்க சர்வீஸ்ல கறையாயிடும். நீ ஒருத்திதான் தற்காலிகம். உனக்கு சர்வீசே இல்லையேம்மா, எதுல கறை படும்?"

"கார்பன எதுக்கு சார் சொன்னீங்க?"

"பேர் குடுத்தா காரணமும் கேப்பாங்க. என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான்."

குரலில் கோபமில்லை, குற்றவுணர்வும் இல்லை. கணக்கைப் போர்டில் போட்டுக் காட்டுகிற குரல்தான். "சுத்தமா ரிப்போர்ட் வந்துச்சுன்னா உன் வேலைக்கும் அது நல்லதுதானே" என்று வேறு சேர்த்துக்கொண்டார். ரிப்போர்ட் வரும்வரை நான் பைகளுக்கு ஜிப் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. டைப்ரைட்டரும் என் மேஜைக்கு வந்தது. டில்லி அனுமதியும் கடைசி நேரத்தில் வந்து, எலேனா அம்மையாரும் வந்து சேர்ந்தார். தங்கத் தகடு ஒரு தீப்பெட்டி அளவு டப்பாவில் இருந்தது. மாநாடு நடந்தது, நன்றாகவே நடந்தது. கடைசி நாள் விருந்தினர்களைப் பட்டு நெய்வதைக் காட்ட ஆரணிக்குக் கூட்டிவந்தோம். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். எலேனா அம்மையார் தறியின் மறுமுனைவரை குனிந்து போய்ப் பாவைத் தொட்டுப் பார்த்து, என்னிடம், "இது பீம்தானே?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

நைனாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தச் சொல் மட்டும் நன்றாகத் தெரியும். "அந்தப் பேச்சே வேணாம்னு சொல்லும்மா, இந்தம்மாவுக்குப் புண்ணியமாப் போவும். மறுபடியும் ஜீப்பு வந்துடப்போவுது" என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை.

சொன்னபடி என் வேலை நிரந்தரமானது. தர்மராஜன் சார் ஆர்டரைத் தானே கொண்டுவந்து கொடுத்தார், குப்புறத் திருப்பாமல். வாங்கிக்கொண்டேன். அதன்பிறகு அந்த அலுவலகத்தில் யார் என்னிடம் அன்பாகப் பேசினாலும், இவர் யாரிடம் என் பெயரைக் கொடுக்கப்போகிறார் என்றுதான் தோன்றும். அந்தக் குணம் போகவில்லை. அது போகவேண்டும் என்று நான் முயற்சி செய்யவும் இல்லை.

வருடங்கள் போயின. தர்மராஜன் சார் ஓய்வு பெற்றார். நான் அலுவலகக் கண்காணிப்பாளர் ஆனேன். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, சேலை டிசைன்களை அதில் போட்டு ஆரணி நெசவாளர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். முதலில் நைனாவுக்காக, பிறகு தெருவுக்காக. அந்த வேலை பெருகவே, ராஜினாமாக் கடிதம் ஒன்றை எழுதி, தேதி மட்டும் போடாமல் கைப்பையில் வைத்திருந்தேன். தேதி போடத்தான் மனம் வரவில்லை. நிரந்தரம் என்ற சொல்லை விடுவது லேசு இல்லை.

அப்போது இரண்டாவது பன்னாட்டு மாநாடு வந்தது. புதுக் கன்வீனர் ஒரு மேடம். கனிவாகப் பேசுவார், எல்லாருக்கும் காபி வரவழைப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"வளர்மதி, வழக்கமான ஃபார்மாலிட்டிதான். வெளிநாட்டுத் தொடர்பு பாக்கறவங்க ஒருத்தர் பேரைப் போலீசுக்குக் குடுக்கணுமாம். கௌசல்யா பேரைக் குடுத்துடலாமா?"

கௌசல்யாவுக்குச் சந்தவாசல் பக்கத்துக் கிராமம். அப்பா கூலி வேலை. அவளும் அவள் வீட்டில் முதலில் படித்தவள்தான். சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, வெளிநாட்டுத் தபாலை என்னோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பேரக் குடுங்க மேடம்" என்றேன்.

"நீங்க பர்மனென்ட். ஏதாவது எழுதிவச்சுட்டாங்கன்னா பென்ஷன்வரைக்கும் தொல்லை. அவ டெம்பரரிதானே, அவளுக்கு என்ன?"

பத்து வருடத்துக்கு முன் கேட்ட அதே கணக்கு. குரல்தான் இனிமையாயிருந்தது. நான் கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து, மேடத்தின் பேனாவையே வாங்கித் தேதியைப் போட்டேன்.

"மாநாடு முடியறவரைக்கும் வேல செய்வேன் மேடம். ஆனா இனிமே நானும் தற்காலிகம். இப்பக் குடுக்கலாம்ல?"

அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். என்மேல் எதற்கோ சந்தேகம் வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் என் பெயரைத்தான் கொடுத்தார்.

விசாரிக்க ஓர் இளவயதுக்காரர் வந்தார். நைனா தறியைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "உள்ள வாங்க தம்பி. பீம் இல்ல, தங்கம் இல்ல. கார்பனும் இப்ப இல்ல, எல்லாம் கம்ப்யூட்டர்தான். டீ மட்டும் கீது" என்றார். அந்தத் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. டீ குடித்துவிட்டுப் போனார்.

மாநாடு முடிந்து நான் விடைபெற்ற அன்று கௌசல்யா என்னை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுவரை வந்தாள். "அக்கா, வெளிநாட்டுத் தபால் பாக்கறவங்க வீட்டுக்குப் போலீஸ் வரும்னு எல்லாரும் பயமுறுத்தினாங்க. எங்க வீட்டுக்கு யாருமே வர்லியே, ஏன்க்கா?" என்று கேட்டாள். அதுதான் ஆரம்பத்தில் நான் சொன்ன இன்னொரு கேள்வி.

"நீ பர்மனென்ட் ஆனப்புறம் சொல்றேன்" என்றேன்.

போன வாரம் அவளுக்கு ஆர்டர் வந்துவிட்டது. போனில் அழுதாள், சிரித்தாள், ஸ்வீட்டோடு வருகிறேன் என்றாள். வரட்டும். அவள் கேட்டதற்குப் பதில் மேலே இருக்கிறது. அவள் கேட்காத ஒன்று மட்டும் பாக்கி.

கௌசல்யா, உனக்குக் கீழே சீக்கிரமே ஒரு தற்காலிகப் பெண் வந்து சேருவாள். அடுத்த மாநாட்டில் யாராவது உன்னை உட்காரவைத்து, காபி கொடுத்து, ஒரு பெயர் கேட்பார்கள்.